குழந்தைங்க இல்லாம ஃபேமிலி குரூஸ் போறீங்களா? தேதி பாக்குறதுல இருந்து இறங்குற காலை வரைக்கும்

ஃபேமிலி குரூஸ்னா குழந்தை குட்டியோட போறவங்களுக்குத்தான், பெரியவங்க மட்டும் போனா ஓரமா உக்காந்து வேடிக்கை பாக்க வேண்டியதுதான்னு நிறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க. அப்படியெல்லாம் இல்லீங்க. ஐஸ் ரிங்க், வாட்டர் ஸ்லைடு, சர்ஃபிங் பழகுற செயற்கை அலை, பாறை ஏறுற சுவர், பெரிய பெரிய ஸ்டேஜ் ஷோ, இதெல்லாம் பெரும்பாலும் இந்த ஃபேமிலி ஷிப்புங்கள்லதான் இருக்கு. குழந்தை வாடையே வேணாம்னா அதுக்கும் ஷிப் இருக்கு, விர்ஜின் வாயேஜஸ்ங்கிற கம்பெனி கப்பல்ல 18 வயசுக்கு மேலதான் ஏத்துவாங்க, வைக்கிங் கடல் கப்பலும் அப்படித்தான், பி அண்ட் ஓல ஆர்கேடியா, அரோரான்னு ரெண்டு கப்பல் பெரியவங்களுக்கு மட்டும். ஆனா அதுலயெல்லாம் ஸ்லைடுல சறுக்கிட்டு ஐஸ் ஷோ பாக்குறதுக்கு வழி இல்ல. ஸ்லைடும் வேணும், கொஞ்சம் அக்கடான்னு இருக்கவும் வேணும்னு நெனக்கிறவங்களுக்குத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல ஒன்னு மனசுல வச்சுக்குங்க. கப்பல்ல பசங்க கூட்டம் மணிக்கணக்குப்படி நகரும். காலைல எந்திரிக்கிறது, சாப்பாடு, குளம், தூக்கம், டின்னர், பசங்கள விட்டுட்டுப் போனா கப்பல் ஆளுங்களே பாத்துக்குற கிட்ஸ் கிளப்னு அம்மா அப்பா எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே டைம்டேபிள்லதான் ஓடுவாங்க. அந்த டைம்டேபிள நீங்க புரிஞ்சுக்கிட்டா மொத்த கப்பலும் உங்களுக்குத்தான். "பெரியவங்களுக்கு மட்டும்"னு போர்டு போட்ட ஒரு மூலைய மட்டும் நம்பிப் போனா கஷ்டம், ஏன்னா கப்பல்ல இருக்குற மத்த எல்லா பெரியவங்களும் அதே மூலைலதான் துண்டு போட்டு உக்காந்துருப்பாங்க.

1. தேதி

பாதி வேலை இங்கயே முடிஞ்சிரும். கப்பல் எந்த நாட்டுல இருந்து கிளம்புதோ அந்த நாட்டு ஸ்கூல் லீவப் பாருங்க, உங்க ஊர் லீவு இங்க கணக்கே இல்ல. அமெரிக்கால இருந்து கிளம்புதுன்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும், மார்ச்ல ஸ்பிரிங் பிரேக், நவம்பர் கடைசில தேங்க்ஸ்கிவிங் வாரம், அப்புறம் கிறிஸ்மஸ்ல இருந்து நியூ இயர், இதெல்லாம் பசங்க திருவிழா. இங்கிலாந்துல இருந்துன்னா ஜூலை கடைசில ஆரம்பிச்சு ஆகஸ்ட் முழுக்க, ஈஸ்டர், அப்புறம் பிப்ரவரிலயும் அக்டோபர் கடைசிலயும் ஒரு வார லீவு வரும்.

ஜனவரி ரெண்டாவது வாரத்துக்கு அப்புறம், டிசம்பர் மொத வாரம், செப்டம்பர், அக்டோபர் ஆரம்பம், இதெல்லாம் காத்து வாங்குற சீசன். ஆனா செப்டம்பர்ல கரீபியன் பக்கம் போறீங்கன்னா ஒன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, அட்லாண்டிக்ல புயல் சீசன் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும், அதுல ஆகஸ்ட் நடுல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் உச்சம். புயல் வந்தா கப்பல் அதுக்குள்ள போகாது, ரூட்ட மாத்திரும், நீங்க ஆசப்பட்ட தீவுக்குப் பதிலா வேற எங்கயோ போய் நிக்கும். அதுக்கு ரெடின்னா செப்டம்பர் நல்ல மாசம். அலாஸ்கான்னா மேயும் செப்டம்பரும், குளிரும் ஆனா பசங்க கம்மி.

எத்தனை நாள் டிரிப்ங்கிறதும் முக்கியம். மூணு நாலு ராத்திரி டிரிப்ல குழந்தைங்களும் இருப்பாங்க, பார்ட்டி கும்பலும் இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல நீங்க மாட்டிக்குவீங்க. பத்து ராத்திரிக்கு மேல போற டிரிப்ல ஸ்கூல் பசங்க தன்னால கொறஞ்சிருவாங்க, அத்தன நாள் லீவு எவன் குடுப்பான். கரீபியன்ல ஓடுற கப்பல வெயில் காலத்துக்கு ஐரோப்பாவுக்கு மாத்துறப்போ அட்லாண்டிக்க தாண்டி ஒரு டிரிப் ஓட்டுவாங்க, ரீபொசிஷனிங்னு சொல்லுவாங்க, ஏப்ரல் மே வாக்குல அந்தப் பக்கம், இலையுதிர் காலத்துல திரும்பி இந்தப் பக்கம். அதே ஃபேமிலி ஷிப், அதே ஸ்லைடு, பசங்க மட்டும் விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான். ஆனா வரிசையா பல நாள் கடல் மட்டும்தான் தெரியும், அது புடிக்குமான்னு உங்கள நீங்களே கேட்டுக்குங்க.

2. பெரியவங்க ஏரியா: வயசு என்ன, காசு உண்டா

இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இத பாக்காம புக் பண்ணாதீங்க. டிஸ்னி கப்பல்ல பெரியவங்க குளம் இருக்குற பகுதி 18 வயசுக்கு மேல, தனியா காசு இல்ல. ராயல் கரீபியன்ல சோலாரியம்னு பேரு, நிறைய கப்பல்ல கண்ணாடி கூரை போட்டு இருக்கும், 16 வயசுன்னாலே விட்டுருவாங்க, அதுக்கும் காசு இல்ல. கார்னிவல்ல செரினிட்டின்னு ஒரு இடம், அங்க 21 ஆகணும், அதுவும் ஃப்ரீ. நார்வீஜியன்ல வைப் பீச் கிளப்னு இருக்குற கப்பல்ல தனியா பாஸ் வாங்கணும், அதுவும் கொஞ்சம் பேருக்குத்தான் விப்பாங்க, அதனாலதான் அங்க சாய்வு நாற்காலி சும்மா கெடைக்கும்.

நீங்க 18ல இருந்து 20க்குள்ள இருக்குறவங்கன்னா இன்னொரு விஷயம். அமெரிக்கால இருந்து கிளம்புற பல கப்பல்ல 21 ஆகாதவங்க தனியா ரூம் எடுக்க முடியாது, கூட ஒரு பெரியவங்க இருக்கணும், கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பாருக்கும் அங்க 21தான். ஐரோப்பால இருந்து கிளம்புனா பல எடத்துல 18. காசு கட்டுன அப்புறம் இத படிக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

3. ரூம் எங்க எடுக்குறது

டெக் பிளான், அதாவது ஒவ்வொரு தளத்துலயும் எது எங்க இருக்குன்னு காட்டுற படம், எல்லா கம்பெனியும் வெப்சைட்ல போட்டுருப்பாங்க. அதுல உங்க ரூமுக்கு மேலயும் கீழயும் என்ன இருக்குன்னு பாருங்க. மேல குளம் இருந்தா விடியக்காத்தால நாற்காலி இழுக்குற சத்தம் கேக்கும், கீழ தியேட்டர் இருந்தா ராத்திரி டிரம்ஸ் கேக்கும். மேலயும் கீழயும் ரூமுங்களே இருந்தா நிம்மதி. அப்புறம் ரெண்டு ரூமுக்கு நடுவுல கதவு வச்ச கனெக்டிங் ரூம், படத்துல ஒரு சின்ன குறி போட்டுக் காட்டிருப்பாங்க, அத கண்டிப்பா தவிர்த்துருங்க, ஃபேமிலிங்கதான் அத தேடித் தேடி எடுக்குறது, அந்த கதவு வழியா கார்ட்டூன் சத்தம் ஒரு வார்த்த விடாம வரும். கிட்ஸ் கிளப் இருக்குற தளமும் லிஃப்ட் பக்கத்து ரூமும் வேணாம். ரூம் நம்பர் நாங்க பாத்துப் போட்டுக்குறோம்னு கொறஞ்ச ரேட்டுக்குத் தர்ற கேரண்டி ரூம் எடுத்தா இந்த சாய்ஸ் எதுவுமே உங்க கைல இருக்காது, அதையும் யோசிச்சுக்குங்க.

பால்கனி எடுக்க முடிஞ்சா எடுங்க. வேற எங்கயும் செலவ சுருக்கிக்கலாம், குழந்தைங்க நிறைஞ்ச கப்பல்ல உங்களுக்குன்னு ஒரு நாற்காலியும் கடலும் இருக்குறது பெரிய விஷயம்.

4. கிளம்புறதுக்கு முன்னாடி கப்பல் கம்பெனி ஆப்ல பண்ண வேண்டியது

பெரியவங்களுக்கு மட்டும்னு இருக்குற ரெஸ்டாரண்டும் ஸ்பாவும்தான் மொதல்ல காலியாகுறது. டிஸ்னி கப்பல்ல பாலோன்னு ஒரு ரெஸ்டாரண்ட், 18 ஆகணும், தனிக் காசு. அதுக்கு மொத தடவ வர்றவங்களுக்கு புக்கிங் கிளம்புறதுக்கு 75 நாள் முன்னாடிதான் தொறக்கும், ஏற்கனவே அவங்க கப்பல்ல போனவங்களுக்கு அதுக்கும் முன்னாடியே தொறந்துரும், அதனால உங்க முறை வர்றப்போ நல்ல நேரமெல்லாம் போயிருக்கும். கெடைக்கலன்னா விட்டுறாதீங்க, ஏறுன அன்னிக்கு நேரா போய் கேளுங்க, கேன்சல் ஆன டேபிளும் எடுத்து வச்சதும் இருக்கும். மத்த கம்பெனிலயும் கதை இதேதான். கடைசி ராத்திரிக்குக் கேக்குறதுக்குப் பதிலா மொத ராத்திரிக்குக் கேளுங்க, அன்னிக்கு எல்லாரும் பெட்டியத் தேடிட்டு பஃபே பக்கம் போயிருப்பாங்க.

டின்னர் நேரமும் இப்பவே போட்டுருங்க. அஞ்சரை ஆறு மணிக்கு ஒரு பந்தி, எட்டு எட்டரைக்கு இன்னொரு பந்தி, இப்படித்தான் நிறைய கம்பெனில. கண்ண மூடிட்டு ரெண்டாவது பந்தி. சின்னக் குழந்தை வச்சிருக்கவங்க மொத பந்திலதான் இருப்பாங்க. டிஸ்னில இன்னும் வசதி, ரெண்டாவது பந்தில இருக்குற பசங்களயும் சாப்பாட்டு நடுவுலயே கிட்ஸ் கிளப் ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போற ஏற்பாடு இருக்கு, அதுக்கப்புறம் அந்த ஹால்ல ஸ்பூன் சத்தம் மட்டும்தான். எட்டு மணி வரைக்கும் பசி தாங்காதுன்னு சொல்றவங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு லேசா எதையாவது கொறிச்சுக்குங்க, கப்பல்ல சாப்பாட்டுக்கா பஞ்சம். நார்வீஜியன் மாதிரி பந்தியே இல்லாத கப்பல்ல எட்டு மணிக்கு மேல போனா அதே பலன்தான்.

5. ஏறுற அன்னிக்கு

பெரிய பெட்டி ரூமுக்கு வர சாயங்காலம் ஆயிரும். அதனால கைப்பைல நீச்சல் டிரெஸ், மாத்திரை, சார்ஜர், பேப்பருங்க எல்லாம் இருக்கணும். சீக்கிரமா ஏறுற நேரத்த ஆப்ல புடிச்சு வச்சுக்குங்க. ஏறுன உடனே செய்ய வேண்டியத வரிசையா சொல்றேன்.

மொதல்ல பாதுகாப்பு டிரில். 2012 ஜனவரில கோஸ்டா கன்கார்டியா கப்பல் இத்தாலி பக்கத்துல பாறைல மோதி சாஞ்சப்போ அப்பதான் ஏறுன பல பேருக்கு டிரில்லே நடக்கல, அதுக்கப்புறம்தான் கிளம்புறதுக்கு முன்னாடியே முடிக்கணும்னு கறார் ஆனாங்க. இப்ப நிறைய கம்பெனில ஆப்ல வீடியோ பாத்துட்டு, உங்க கூடுற இடத்துக்குப் போய் முகத்தக் காமிச்சா போதும், அஞ்சு நிமிஷம். குளத்துல இறங்குறதுக்கு முன்னாடி இத முடிச்சிருங்க, இல்லன்னா பேர் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருப்பாங்க.

அப்புறம் நேரா ஸ்பா. அங்க சூடான கல் படுக்கை, நீராவி ரூம், கடலப் பாத்த மாதிரி சாய்வு நாற்காலி எல்லாம் இருக்குற ஒரு பகுதி இருக்கும், தெர்மல் சூட்னு சொல்லுவாங்க, டிஸ்னில ரெயின்ஃபாரஸ்ட்னு பேரு. டிரிப் முழுக்க பாஸ், கொஞ்சம் பேருக்குத்தான், மொத நாளே தீந்துரும். மசாஜ் எதுவும் வேணாம், இந்த பாஸ் மட்டும் போதும்னு அடிச்சு சொல்லுவேன். அந்த கல் படுக்கைல டைல்ஸ் இளம் சூடா இருக்கும், முதுகு வளைவுக்கு ஏத்த மாதிரி செஞ்சிருப்பாங்க, எதுத்தாப்புல கண்ணாடி, அதுக்கு அந்தாண்ட கடல், பேசுறவங்க கூட குசுகுசுன்னுதான் பேசுவாங்க. மசாஜ்தான் வேணும்னா போர்ட் நாள், அதாவது கப்பல் ஏதாவது ஊர்ல நிக்கிற நாள் வரைக்கும் பொறுங்க, எல்லாரும் இறங்கிப் போயிருக்க அன்னிக்கு டிஸ்கவுண்ட் போடுவாங்க.

மூணாவது, ஸ்லைடு. மொத நாள் மதியம் பாதி ஜனம் இன்னும் ஏறிட்டே இருக்கும், ஏறுனவங்க பஃபேல இருப்பாங்க. வரிசையே இருக்காது. கூச்சப்படாம ஏறுங்க, உயர அளவு வச்சுத் தடுக்குறது சின்னப் பசங்களத்தான், உங்கள இல்ல.

6. கடல்லயே இருக்குற நாள்

இதுதான் கஷ்டமான நாள், எல்லாரும் கப்பல்லயே இருப்பாங்க. பத்தரைல இருந்து மூணு மணி வரைக்கும் குளம் பக்கமே போகாதீங்க, பெரியவங்க குளமும் சேத்துத்தான் சொல்றேன். காலைல ஆறரைல இருந்து எட்டு வரைக்கும் டெக் காலியா இருக்கும், காபியோட ஒரு ரவுண்டு நடந்துட்டு வாங்க. நாற்காலிக்கு துண்டு போட்டு வச்சுட்டுப் போற பழக்கம் எல்லா கப்பல்லயும் உண்டு, கார்னிவல்ல 40 நிமிஷம் ஆள் இல்லன்னா எடுத்துருவோம்னு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, ஊழியர்கிட்ட தன்மையா சொன்னா போதும், நீங்களா துண்ட எடுத்து சண்டை இழுத்துக்காதீங்க.

அந்தக் கூட்ட நேரத்துல என்ன பண்றதுன்னா, உள்ள நடக்குற புரோகிராம் பாருங்க. தினமும் ஆப்ல லிஸ்ட் வரும். காக்டெயில் செய்யக் கத்துக்குடுக்குறது, ஒயின் ருசி பாக்குறது, கிச்சன சுத்திக் காட்டுறது, டான்ஸ் கிளாஸ், கேப்டன்கிட்ட கேள்வி கேக்குற நேரம், டிரிவியான்னு சொல்ற க்விஸ் போட்டி. டிரிவியாவுல சீரியஸா மல்லுக்கட்டுற கும்பல் ஒன்னு எல்லா கப்பல்லயும் இருக்கும், பரிசா குடுக்குறது ஒரு கீ செயினாதான் இருக்கும் ஆனா கோர்ட் கேஸ் மாதிரி வாதாடுவாங்க, ஆள் கம்மியா இருக்குற டீமா பாத்து ஒட்டிக்குங்க, டின்னர் வரைக்கும் பேச ஆள் கெடைச்சிரும்.

சும்மா உக்காரணும்னா கீழ் தளத்துல வெளிய நடக்குற பாதையப் பாருங்க, டிஸ்னியோட பழைய நாலு கப்பல்ல அது நாலாவது தளம், நிழல்ல நாற்காலி போட்டிருப்பாங்க, மேல குளத்துல நடக்குற ரகளை எதுவும் இங்க வராது. ராயல் கரீபியன்ல பல கப்பல்ல முன் நுனில ஹெலிபேட் தொறந்து விட்டுருப்பாங்க, அங்க போய் நின்னா காத்தும் கடலும்தான், நிறைய பேருக்கு அது தொறந்திருக்குன்னே தெரியாது.

குளம் அடிக்கடி "கிளீனிங்"னு கயிறு கட்டி மூடிருந்தா என்னன்னு கேக்காதீங்க, குழந்தைங்க குளம்னா அப்படித்தான் நடக்கும். டயப்பர் போட்ட குழந்தைய குளத்துல விடக் கூடாதுன்னு அமெரிக்க சுகாதாரத் துறை விதியே இருக்கு, இருந்தாலும் குழந்தை குழந்தைதான். பெரியவங்க குளத்துல இந்த தொல்லை அபூர்வம்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பசங்கள குளிப்பாட்டி டிரெஸ் மாத்தி மொத பந்திக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்ப குளத்துக்கு வாங்க. வெயிலும் தணிஞ்சிருக்கும், ஸ்லைடு வரிசையும் இருக்காது, ரெண்டாவது பந்தி எடுத்ததோட பலன் இங்கதான் தெரியும்.

7. போர்ட் நாளும் தீவும்

ஏற்கனவே பாத்த ஊர்ல கப்பல் நின்னா இறங்காம இருங்க. காலைல ஒன்பது மணிக்கு மேல கப்பல் ஊர் காலி பண்ணுன மாதிரி ஆயிரும், இன்னிக்கு குளம், ஸ்லைடு, பாறைச் சுவர், மினி கோல்ஃப் எல்லாத்துலயும் நீங்க மட்டும்தான். கேசினோவும் கடையும் மட்டும் பெரும்பாலும் மூடிருக்கும், துறைமுகத்துல நிக்கிறப்போ அதுக்கு அனுமதி கெடையாது. டிஸ்னி கப்பல்ல கேசினோவே இல்ல, அத எதிர்பாத்துப் போகாதீங்க. சில நாள்ல கிட்ஸ் கிளப்ப எல்லாருக்கும் தொறந்து விடுற நேரமும் டிஸ்னில உண்டு, ஓபன் ஹவுஸ்னு லிஸ்ட்ல வரும், குழந்தை இல்லாதவங்களும் உள்ள போய் பாத்துட்டு வெளயாடிட்டு வரலாம், தாராளமா போங்க.

கம்பெனியோட சொந்தத் தீவுன்னா கட்டாயம் இறங்குங்க. பஹாமாஸ்ல டிஸ்னியோட காஸ்டவே கே தீவுல செரினிட்டி பேன்னு 18 வயசுக்கு மேல உள்ளவங்களுக்குத் தனி பீச். அந்தத் தீவுக்கு முன்னாடி கோர்டா கேன்னு பேரு, அங்க ஒரு பழைய விமான ஓடுபாதை இருக்கு, அது மேலதான் டிராம் வண்டி ஓடுது, பசங்க பீச்சத் தாண்டி அந்த வண்டில போய் இறங்கணும். சாப்பாடும் அங்கயே போடுறாங்க, அதனால சாப்பிட திரும்பி வர வேண்டாம். நுழைய தனிக் காசு இல்ல. மொத டிராம்லயே போயிருங்க, நிழல் குடை சீக்கிரம் போயிரும்.

ராயல் கரீபியனோட கோகோ கேல 2024ல தொறந்த ஹைடவே பீச்சும் 18 வயசுக்கு மேலதான், ஆனா அது தனிக் காசு, அதுவும் டிஜே வச்சு பாட்டு அதிர்ற இடம். குழந்தை இல்லாத இடம்னா அமைதியான இடம்னு அர்த்தம் இல்லன்றதுக்கு அத விட நல்ல உதாரணம் இல்ல. அமைதி வேணும்னா அங்க போகாதீங்க, ஆட்டம் வேணும்னா அங்கதான் போகணும்.

8. ராத்திரி

ரெண்டாவது பந்தின்னா ஷோ உங்களுக்கு டின்னருக்கு முன்னாடி வரும். ஷோ முடிஞ்சு ஒரு கூட்டம் வெளிய வர, இன்னொரு கூட்டம் உள்ள போக, அந்த அரை மணி நேரம் லிஃப்ட் பக்கம் போகாதீங்க, தள்ளுவண்டியும் ஸ்ட்ரோலருமா அடச்சிருக்கும். ரெண்டு மூணு மாடின்னா படிக்கட்டு.

ஒன்பது மணிக்கு மேல கப்பலே வேற ஆளு. டிஸ்னில பார் வரிசையா இருக்குற பகுதி அந்த நேரத்துல 18 வயசுக்கு மேல மட்டும்னு மாறிரும். கார்னிவல்ல காமெடி ஷோ சீக்கிரம் நடக்குறது குடும்பத்துக்கு, லேட்டா நடக்குறது 18க்கு மேல, அதே ஆள்தான் வருவாரு, ஆனா பேச்சு வேற. ராயல் கரீபியன்ல தி குவெஸ்ட்னு பெரியவங்களுக்கான ஒரு கேம், டீம் டீமா உக்கார வச்சு ஏதாவது பொருள் கேப்பாங்க, யாரு மொதல்ல கொண்டு வர்றாங்களோ அவங்களுக்கு பாயின்ட், போகப் போக கேக்குறது ஒரு மாதிரியா போகும். கூச்ச சுபாவம்னா பின் வரிசைல உக்காந்து பாருங்க, சிரிச்சே வயிறு வலிக்கும்.

தனியா போறவங்களுக்கு ஒன்னு. ஆப் லிஸ்ட்ல "தனியா வந்தவங்க சந்திப்பு"ன்ற மாதிரி ஒரு நிகழ்ச்சி மொத ரெண்டு நாள்ல இருக்கும், அதுக்குப் போயிருங்க, பின்னாடி நாள்ல போனா குரூப் செட் ஆயிருக்கும். நார்வீஜியன்ல பல கப்பல்ல ஒரே ஆளுக்குன்னு ஸ்டுடியோ ரூமும் அவங்களுக்கு மட்டும் ஒரு லவுஞ்சும் இருக்கு, மத்த இடத்துல பெரும்பாலும் ரெண்டு ஆள் காசு கேப்பாங்க.

அண்ணன் அக்கா குடும்பத்தோட சேந்து போறவங்க கவனிங்க. குழந்தை இல்லாத சித்தப்பா சித்திதான் கப்பல்ல ஃப்ரீ ஆயான்னு எல்லாரும் முடிவு பண்ணிருப்பாங்க, வாய தொறந்து யாரும் சொல்ல மாட்டாங்க. ஏறுறதுக்கு முன்னாடியே "வியாழக்கிழமை சாயங்காலம் நாங்க பாத்துக்குறோம், நீங்க ரெண்டு பேரும் வெளிய சாப்பிடுங்க"ன்னு நீங்களா ஒரு நாள சொல்லிருங்க. ஒரு நாள் தந்துட்டா மத்த நாள் கேக்க அவங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். பசங்கள கிட்ஸ் கிளப்ல மொத நாளே பதிவு பண்ணவும் அக்காவுக்கு ஞாபகப்படுத்துங்க, அது உங்களுக்குத்தான் நல்லது.

9. இறங்குற காலை

கடைசி ராத்திரி பெட்டிய ரூமுக்கு வெளிய வச்சுரணும்னு சொல்லுவாங்க, அது குடும்பங்களுக்கு. நீங்க ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு பெட்டின்னா வைக்காதீங்க, பெட்டிய நாங்களே தூக்கிட்டுப் போறோம்னு சொல்லி பதிவு பண்ணிக்கலாம், அவங்களத்தான் மொதல்ல இறக்குவாங்க. டயப்பர் பை, ஸ்ட்ரோலர், தூங்குற குழந்தையோட பின்னாடி கூட்டம் நிக்கிறதுக்கு முன்னாடி நீங்க இமிக்ரேஷன் தாண்டிருப்பீங்க. வெளிய வச்சே ஆகணும்னா அடுத்த நாள் போட வேண்டிய டிரெஸ்ஸும் செருப்பும் உள்ள இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டு ஜிப்ப மூடுங்க, நைட்டியோட காலைல வரவேற்புல வந்து நிக்கிறவங்க ஒவ்வொரு டிரிப்லயும் ரெண்டு பேராவது இருக்காங்க.